1660 சூப்பரை மாற்ற வேண்டிய நாள் எது?

ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 2019 அக்டோபரில் வந்த என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு, கம்ப்யூட்டரில் கேமின் படத்தை வரைவது. 6 ஜிபி மெமரி, 125 வாட். 1080பி மானிட்டரில் பல வருஷம் குறையில்லாமல் ஓடியது. கூட விளையாடும் பயல்கள் ஒவ்வொருவராகப் புதுசுக்குப் போனபோதும் நான் அசையவில்லை.

கேம் திணறினால் உடனே கார்டைத்தான் திட்டுவோம். மதுரையில் முதலில் பார்க்க வேண்டியது வெயிலும் தூசியும். என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஏசி கிடையாது. சித்திரை, வைகாசியில் கார்டின் சூடு 80 டிகிரிக்குக் குறையாது. சூடு ஏற ஏற கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எஃப்பிஎஸ் (நொடிக்கு வரையும் படங்கள்) சரியும். ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் தலையணைப் பஞ்சு மாதிரி தூசி. ப்ளோயர் அடித்து, சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மாற்றினால் பழைய வேகம் வந்துவிடும். அதற்கு ஆகும் செலவு, புதுக் கார்டுக்குக் கட்டும் 18 சதவீத ஜிஎஸ்டியில் ஒரு மூலைக்குக்கூட வராது.

அப்புறம் கார்டின் சூட்டையும் வேலைப்பளுவையும் காட்டும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து வைத்து விளையாடிப் பாருங்கள். ஜிபியு (கார்டின் சிப்) 99 சதவீதத்தில் நின்றால் கார்டுக்கு மூச்சு முட்டுகிறது. 60இல் சுற்றிக்கொண்டே கேம் வெட்டினால் சிபியுவையோ ராமையோ பாருங்கள். புதுக் கார்டு போட்டாலும் அது தீராது. மெமரி 6 ஜிபியும் நிரம்பி வழிந்தால் செட்டிங்க்ஸில் டெக்ஸ்சரை (பரப்புகளின் படத் தரம்) ஒரு படி இறக்கினால் போதும். படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கி எஃப்பிஎஸ் ஏற்றும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இந்தக் கார்டில் வராது, ஆனால் அதே மாதிரியான ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் வரும். அதை வைத்தே நிறைய நாள் ஓட்டினேன்.

செட்டிங்க்ஸால் சமாளிக்க முடியாத இடம் ஒன்று வந்தது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், 2025 மே மாதம் வந்த டூம், இரண்டுக்கும் ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வசதி கார்டிலேயே இருந்தாக வேண்டும். 1660இல் அது இல்லை. மாற்ற வேண்டிய நாள் என்று நான் ஒப்புக்கொண்டது அதைத்தான்.

ரே டிரேசிங் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கார்டைக் கடையில் கேட்டபோது, "3060 பழசுண்ணே, 4060 எடுங்க" என்றார்கள். வேகத்தில் 4060 முந்தும், 115 வாட்தான் இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் மெமரி 8 ஜிபி, மதர்போர்டோடு டேட்டா வந்துபோகும் பாதையான லேனும் எட்டுதான். என் பி450 மதர்போர்டில் கார்டு சொருகும் பிசிஐஇ ஸ்லாட்டோ பழைய, வேகம் குறைந்த 3.0 தலைமுறை. மெமரி நிரம்பினால் அந்தக் குறுகிய பாதையில்தான் எல்லாம் வந்துபோக வேண்டும். போர்டை மாற்றும் எண்ணம் இல்லாததால் 12 ஜிபி 3060 வாங்கினேன்.

அது 170 வாட், அறை இன்னும் சூடாகும். கார்டு இழுக்கும் கரண்டுக்கு வரம்பு போடும் பவர் லிமிட்டை 80 சதவீதத்தில் வைத்தேன், 136 வாட்டுக்குள் அடங்கிவிட்டது. எஃப்பிஎஸ் கொஞ்சம் குறைந்தது, விளையாடும்போது தெரியவில்லை. லிமிட்டை எடுத்துவிட்டால் மட்டும், கரண்ட் போகிற நேரத்தில் என் சின்ன யுபிஎஸ் ஓவர்லோடு என்று கத்துகிறது.