'30 நாளில் டயமண்ட்' என்று வந்த கோச்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பணம் போனது கூட ஆறிவிட்டது. போன விதம்தான் இன்னும் உறுத்துகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, ஒவ்வொரு முறையும் நானே அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நீங்களும் இப்போது எந்த கோச்சிடமாவது பேசிக்கொண்டிருந்தால், எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

நான் வேலரண்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமை ஆடுவது 2020-இல் அது வெளிவந்த புதிதிலிருந்து. அதில் ஜெயிக்க ஜெயிக்க ஏறும் ரேங்க் படிகள் உண்டு. அடிமட்டமான அயர்னில் தொடங்கி அடித்துப் பிடித்து கோல்டு 2 வரை வந்தேன். அங்கேயே நங்கூரம் விழுந்துவிட்டது. நாலு மேட்ச் ஜெயித்தால் கோல்டு 3, நாலு தோற்றால் பழையபடி 2. மொத்த ஏணியில் 25 படி, நான் 11-ஆவது படியில் குடித்தனம். என்னோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தவர்கள் எல்லாரும் டயமண்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர்களோடு ஜோடி போட்டு ரேங்க்டு (ரேங்க்குக்காக ஆடும் மேட்ச்) ஆடக்கூட முடியாது, ரேங்க் இடைவெளி அதிகமென்றால் கேம் விடாது. சும்மா ஜாலிக்கு ஆடும்போது 'பார்த்து வாடா, கோல்டு' என்று ஒருவன் சொன்னான். விளையாட்டாகத்தான் சொன்னான். அந்த வாரம்தான் விளம்பரம் கண்ணில் பட்டது.

'30 நாளில் டயமண்ட். வரவில்லை என்றால் முழுப் பணமும் வாபஸ். முதல் வகுப்பு இலவசம்.'

இலவசம்தானே என்று போனேன். ஆள் நன்றாகப் பேசினார், எடுத்தவுடன் 'ப்ரோ'தான். டயமண்டுக்கும் மேலான தன் இம்மார்ட்டல் ரேங்க்கின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினார். 'வாங்க, உங்ககூடவே ஆடிக் காட்டறேன்' என்றார். மூன்று மேட்ச் ரேங்க்டு ஆடினோம், மூன்றும் வெற்றி. ஒவ்வொன்றிலும் அவருக்கு முப்பது கில்லுக்குக் குறையாது. நடுநடுவே எனக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்: 'இப்ப பீக் பண்ணுங்க (எட்டிப் பாருங்க)... ம், விடுங்க... இப்ப. சூப்பர் ப்ரோ!' நான் சுட்டவன் ஏற்கெனவே அவரிடம் பாதி அடி வாங்கியவன் என்பது அப்போது உறைக்கவில்லை. ஒரே நாளில் நான் தேறிவிட்டதாகவே தோன்றியது.

மேலே நானே எழுதியிருக்கிறேன், ரேங்க் இடைவெளி அதிகமான இருவரை ஜோடியாக ரேங்க்டு ஆட கேம் விடாது என்று. டயமண்ட் நண்பர்களோடு ஆட முடியாத நான், இம்மார்ட்டல் கோச்சோடு எப்படி ஆடினேன்? அவர் வந்தது கோல்டில் இருந்த வேறொரு கணக்கில். ஸ்மர்ஃப் என்பார்களே, அதுதான். எதிரே இருந்தவர்கள் என்னைப் போலவே திணறிக்கொண்டிருந்த கோல்டு ஆட்கள். பெரிய ரேங்க் ஆள் ஒருவர் அவர்களை வரிசையாகச் சுட்டுத் தள்ளினார், நான் பின்னால் நடந்து போனேன். அதற்குப் பெயர் வகுப்பு. (டோட்டா 2 என்ற வேறொரு கேமில் 2023 செப்டம்பரில் இப்படிப்பட்ட ஸ்மர்ஃப் கணக்குகளை 90,000 என்ற கணக்கில் ஒரேயடியாகத் தடை செய்தார்கள். கேம் உலகில் இது சின்னத் தப்பாகப் பார்க்கப்படுவதில்லை.)

சரி, பணம் கட்டினேன். தொகையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு நல்ல 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருக்கலாம், அவ்வளவு. கார்டில் கட்டுகிறேன் என்றதற்கு, 'அதுல ஏதோ பிரச்சினை ப்ரோ, கிஃப்ட் கார்டு வாங்கி நம்பர் மட்டும் அனுப்புங்க' என்றார். அனுப்பினேன். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருந்திருக்கும். கிஃப்ட் கார்டு எண் கை மாறிவிட்டால் போனது போனதுதான்.

மானிட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த நாட்களில் நான் ஆடியது 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 60 படம் காட்டும் திரையில். அதில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் 16.7 மில்லிசெகண்ட் இடைவெளி, 144-இல் 6.9. மூலையிலிருந்து வருகிறவனின் தோள் எப்போது தெரிகிறது என்பதே இதனால் மாறும். சொல்லிக்கொடுக்க வருகிற யாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, என்ன திரை, என்ன பிங் (இணையத் தாமதம்) என்பது. முப்பது நாளில் அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

முதல் வாரம் 'ப்ரோ செட்டிங்ஸ்' வந்தது. என் மவுஸ் 800 டிபிஐ (மவுஸ் தன் நகர்வை எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்ற எண்), கேமில் சென்சிடிவிட்டி (அந்த நகர்வுக்குக் குறி எவ்வளவு திரும்பும் என்ற அளவு) 0.4. 'இதுதான் ப்ரோ உங்க பிரச்சினையே' என்று டிபிஐயை 1600 ஆக்கச் சொன்னார், சென்சிடிவிட்டியை 0.2. மாற்றிவிட்டு இரண்டு நாள் ஆடினேன். எய்ம் வெண்ணெய்போல் போகிறது என்று அவருக்கு மெசேஜ்கூட அனுப்பினேன். பிற்பாடு ஒரு நாள் பெருக்கிப் பார்த்தேன். 800-ஐ 0.4-ஆல் பெருக்கினால் 320. 1600-ஐ 0.2-ஆல் பெருக்கினாலும் 320. மவுஸை ஒரு அங்குலம் நகர்த்தினால் திரையில் குறி எவ்வளவு திரும்பும் என்பது இம்மி மாறவில்லை. வெண்ணெய் என் மனசில்தான் இருந்தது.

அடுத்தது ரிவ்யூ. வாரம் இரண்டு மேட்ச்சைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும், அவர் பார்த்து நிமிடக் கணக்கோடு குறிப்பு எழுதித் தருவார். முதல் இரண்டு குறிப்புகளும் ராசிபலன்போல இருந்தன. 'க்ராஸ்ஹேர் (திரையில் உள்ள குறி) தாழ்வாக இருக்கிறது.' 'மினிமேப்பைப் பார்ப்பதில்லை.' 'ஓடிக்கொண்டே சுடுகிறீர்கள்.' கோல்டில் ஆடும் யாருக்கு அனுப்பினாலும் பொருந்தும். எனக்கும் பொருந்தியது, அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வீடியோ பைண்ட் என்ற மேப்பில் (சண்டைக் களத்தில்) ஆடியது. எதிரணி சீக்கிரமே சரணடைந்துவிட்டதால் பதிவு மொத்தமே 18 நிமிடம். மறுநாளே குறிப்பு வந்துவிட்டது. அதில் ஒரு வரி: '26:10 – சி சைட்டில் தனியாக உள்ளே போகிறீர்கள், டீமுக்காகக் காத்திருங்கள்.'

ஆடுகிறவர்களுக்குப் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சைட் என்பது குண்டு வைக்கும் இடம், பைண்டில் இருப்பது ஏ, பி என்று இரண்டே சைட். சி இருப்பது ஹேவன் போன்ற மேப்பில். அதாவது 18 நிமிட வீடியோவில் 26-ஆவது நிமிடத்தில், இல்லாத ஒரு இடத்துக்குள் நான் தனியாகப் புகுந்திருக்கிறேன்.

கேட்டேன். 'சாரி ப்ரோ, வேற ஸ்டூடன்ட் ஃபைல் மாறிடுச்சு. உங்களுக்கு ஒரு செஷன் எக்ஸ்ட்ரா போட்டுடறேன்' என்றார். எக்ஸ்ட்ரா செஷன் என்றதும் நானும் சரி என்றுவிட்டேன். இந்த இடத்தில் விலகியிருந்தால் பணத்தோடு போயிருக்கும்.

இருபதாவது நாள் ஆகியும் நான் கோல்டு 3-ஐத் தாண்டவில்லை. அப்போது அவர் ஒரு புது விளக்கம் சொன்னார்: 'உங்க கணக்கோட எம்எம்ஆர் கெட்டுப்போயிருக்கு ப்ரோ. நீங்க எவ்வளவு நல்லா ஆடினாலும் ஏறாது. மூணு நாள் கொடுங்க, நான் உள்ள போய் சரி பண்ணித் தர்றேன்.'

இந்தப் பொய் எடுபடுவதற்குக் காரணம், அதில் பாதி உண்மை. நம் கண்ணுக்குத் தெரியும் ரேங்க் வேறு, மேட்ச் போடுவதற்காக கேம் உள்ளே வைத்திருக்கும் எம்எம்ஆர் மதிப்பீடு வேறு. உள் மதிப்பீடு ரேங்க்கை விடத் தாழ்ந்திருந்தால் ஜெயித்தால் குறைவாக ஏறும், தோற்றால் அதிகமாக இறங்கும். இதெல்லாம் சரி. ஆனால் அது 'கெட்டுப்போகிற' பொருள் கிடையாது. நாம் ஆடிய ஆட்டத்தின் கணக்கு அது, அவ்வளவே. சதுரங்கத்துக்காக ஆர்பட் ஈலோ வகுத்துக் கொடுத்து, 1970-இல் உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஏற்றுக்கொண்ட முறையிலிருந்து கிளைத்தவைதான் இந்த வகைக் கணக்கெல்லாம்: உனக்குச் சமமானவனை எதிரே நிறுத்தும், ஜெயித்தால் இன்னும் கொஞ்சம் பலமானவனை நிறுத்தும். 'சரி பண்ணுவது' என்றால் எனக்குப் பதில் வேறொருவர் உட்கார்ந்து ஜெயிப்பது.

இது அப்போதும் எனக்குத் தெரியாததில்லை. பாஸ்வேர்டைக் கொடுத்தேன். உள்ளே நுழைய மின்னஞ்சலுக்கு ஆறு இலக்க எண் வந்தது, அதையும் படித்துச் சொன்னேன்.

மூன்று நாள் கழித்துக் கணக்கு திரும்பி வந்தபோது டயமண்ட் 1. ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். அன்று இரவே உட்கார்ந்து ஆடினேன். அந்த மேட்ச்சை மறக்க முடியாது. 4 கில், 19 டெத். எதிரே இருப்பவன் எப்போது வந்தான் என்றே தெரியவில்லை. நான் மூலை திரும்புவதற்குள் விழுந்துகிடந்தேன். எட்டாவது ரவுண்டில் என் டீமில் ஒருவர் மைக்கில் மெதுவாகக் கேட்டார்: 'தப்பா நினைக்காதீங்க, இந்த அக்கவுன்ட் நீங்க வாங்கினதா?' கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மைக்கை அணைத்துவிட்டு மிச்ச ரவுண்டுகளை ஆடி முடித்தேன்.

இரண்டு வாரத்தில் பிளாட்டினத்துக்கு இறங்கினேன். அதற்கு அடுத்த வாரம் உள்ளே நுழையவே முடியவில்லை. கணக்கு முடக்கப்பட்டிருந்தது. கணக்கை இன்னொருவரிடம் கொடுத்து ரேங்க் ஏற்றுவது விதிமீறல் என்று நான் படிக்காமலேயே 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்திய விதிகளில் தெளிவாக இருக்கிறது. மேல்முறையீடு செய்தேன், தள்ளிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, செய்தது நான்தான். தென் கொரியாவில் காசு வாங்கிக்கொண்டு இப்படி ஏற்றிக் கொடுப்பதைச் சட்டப்படியே குற்றமாக்கியிருக்கிறார்கள். 2018 இறுதியில் நிறைவேறிய திருத்தம், இரண்டு ஆண்டு வரை சிறை. அங்கேயும் கணக்கைக் கொடுத்தவர்களுக்குக் கேம் நிறுவனத்தின் தடைதான் மிச்சம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ஒரு 'உத்தரவாத நிபந்தனைகள்' பக்கத்தை அனுப்பினார். அதுவரை நான் பார்த்திராத பக்கம். தினமும் 6 மணி நேரம், 30 நாளும் விடாமல் ரேங்க்டு ஆடியிருந்தால்தான் வாபஸ். 'அதுவுமில்லாம, டயமண்ட் வந்துச்சே ப்ரோ' என்றார். அத்தோடு பிளாக்.

அந்த 6 மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று ஒரு ராத்திரி கணக்குப் போட்டேன். பணம் கட்டும் முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு. கோல்டு 2-இலிருந்து டயமண்ட் 1-க்கு ஐந்து படி, படிக்கு 100 புள்ளி, ஆக 500. ஒரு வெற்றிக்குச் சுமார் 20 புள்ளி வரும், தோல்விக்கு அதே அளவு போகும் என்று வைத்துக்கொண்டால், தோல்விகளைக் கழித்து 25 வெற்றி மிஞ்ச வேண்டும். கேம் சமமானவர்களையே எதிரே போடும்போது நூற்றுக்கு 55 ஜெயிப்பதே நல்ல ஆட்டம். அந்தக் கணக்கில் 100 மேட்ச்சுக்கு 10 வெற்றிதான் மிஞ்சும். 25 மிஞ்ச 250 மேட்ச். மேட்ச்சுக்கு 35 நிமிடம் போட்டால் ஏறக்குறைய 146 மணி நேரம், நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்குப் பக்கத்தில். இதுவும் முதல் நாளே நான் 55 சதவீத ஆட்டக்காரனாக மாறியிருந்தால்தான். வேலைக்குப் போகும் ஒருவனிடம் இந்தத் தேதியை ஒருவர் உத்தரவாதமாகக் கொடுக்கிறார் என்றால், என் கையை எடுத்துவிட்டுத் தன் கையை வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியே கிடையாது. கடைசி வாரம் நடந்தது தற்செயல் இல்லை, விளம்பரத்தின் முதல் வரியிலேயே அது இருந்தது.

எல்லா கோச்சும் இப்படி என்று சொல்லவில்லை. பிறகு புதுக் கணக்கில் அடியிலிருந்து தொடங்கியபோது, நண்பர் மூலம் இன்னொருவரிடம் ஒரே ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அவர் எந்த ரேங்க்கும் சொல்லவில்லை. இருபது நிமிடம் நான் ஆடுவதைப் பேசாமல் பார்த்தார். அப்புறம் கேட்டது ஒரே கேள்வி: 'ஒருத்தனைச் சுட்டுட்டுத் தப்பிச்சு வந்தீங்கல்ல, ஏன் மறுபடியும் அதே இடத்துலேயே தலையை நீட்டினீங்க?' என்னிடம் பதில் இல்லை. ஐந்து மேட்ச்சைப் பதிவு செய்து என் டெத்தை மட்டும் எண்ணச் சொன்னார். 71 டெத்தில் 29 அதே கதை. அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டதற்கு, 'அந்த 29 பத்துக்குக் கீழே வந்ததும் வாங்க, இப்ப காசு கொடுத்து என்ன பண்ணப் போறீங்க' என்றார். இன்னும் பத்துக்கு வரவில்லை, நேற்று எண்ணியபோது 14.

அந்தப் பழைய ஆள் இப்போது வேறு பெயரில் இருக்கிறார். போன வாரம் ஒரு குழுவில் அவருடைய விளம்பரம் வந்தது, வாசகம்கூட மாறவில்லை. கீழே 'எங்கள் மாணவர்கள்' என்று முன்-பின் படங்கள். மூன்றாவது படத்தில் பெயரை மங்கலாக்கியிருந்தார்கள், ஆனால் அதன் பக்கத்தில் இருந்த பிளேயர் கார்டை (பெயரோடு வரும் அடையாளப் படத்தை) எனக்குத் தெரியும். கோல்டு 2, ஒரு அம்புக்குறி, டயமண்ட் 1. முடங்கிக் கிடக்கும் என் கணக்குதான்.