உலர்ந்த பயறா, டப்பாப் பயறா?

அரசின் உணவு உதவித்தொகையை நம்பி மாதத்தை ஓட்டும் வீட்டில், குறைந்த செலவில் புரதமும் நார்ச்சத்தும் தருவது பயறும் பீன்ஸும்தான். உலர்ந்ததாக வாங்குவதா, வேகவைத்து டப்பாவில் அடைத்ததை வாங்குவதா என்பதுதான் பலருக்குக் குழப்பம்.

செலவு
உலர்ந்தது: அரை கிலோ வெந்தால் ஏறக்குறைய 6 கப்.
டப்பா: 400 கிராம் டப்பாவில் நீரை வடித்தால் சுமார் ஒன்றரை கப்.
அதாவது அரை கிலோவுக்கு ஈடாக 4 டப்பா வேண்டும். பாக்கெட்டின் விலையையும் டப்பாவின் விலையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

உப்பு
உலர்ந்தது: நாம் போடுவதுதான்.
டப்பா: அதிகம். வடித்துக் கழுவினால் கணிசமாகக் குறையும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.

உழைப்பு
டப்பா: திறந்தால் போதும்.
உலர்ந்தது: ஊறவைக்க வேண்டும், எரிபொருளும் செலவாகும். பிரஷர் குக்கர் இருந்தால் பாதிக் கவலை தீரும். ராஜ்மாவில் மட்டும் கவனம்: சரியாக வேகாவிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்க வேண்டும்.

வாரம் ஒருநாள் சமைக்க நேரமும் ஃப்ரீசரும் உள்ளவர்கள் தயங்காமல் உலர்ந்ததையே வாங்கலாம். மொத்தமாக வேகவைத்துப் பிரித்து உறையவைக்கலாம். அடுப்பு வசதி குறைவு, இரட்டை வேலை, உடல்நலக் குறைவு என்றால் டப்பாதான் சரி. அதில் குற்றவுணர்வுக்கு இடமே இல்லை, சத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.