பென்சில்வேனியாவின் இரு பழைய சாலைகள்: 30-ஆ, 40-ஆ?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 30, 40 எண் நெடுஞ்சாலைகளில் ஒன்றைச் சுற்றிப்பார்க்க ஒரு நாள்தான் கையில் என்றால் 40-ஐத் தேர்ந்தெடுங்கள். 1811-இல் மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்தில் மத்திய அரசு போடத் தொடங்கிய தேசியச் சாலையின் தடம் இது. 1835-இல் மாநிலத்தின் பொறுப்புக்கு வந்ததும் சுங்கச்சாவடிகள் எழுந்தன. இரண்டு இன்றும் நிற்கின்றன: அடிசனில் கல் கட்டடம், யூனியன்டவுனுக்கு மேற்கே சீரைட்ஸில் செங்கல் கட்டடம். சாலையோர வார்ப்பிரும்பு மைல்கற்களின் ஒரு முகத்தில் கம்பர்லாந்துக்கும், மறுமுகத்தில் மேற்கே உள்ள வீலிங் நகருக்கும் உள்ள தூரம் இருக்கும். இறங்கிப் போய்ப் பாருங்கள். பிரவுன்ஸ்வில்லில் பாலத்தின் மேலேயே ஓட்டிப் போய்விட்டால் எதுவும் தெரியாது. டன்லப் ஓடைக் கரையிலிருந்து பார்த்தால்தான் 1839-இன் வார்ப்பிரும்பு வளைவு கண்ணில் படும். அமெரிக்காவின் முதல் வார்ப்பிரும்புப் பாலம் அதுதான்.

30, லிங்கன் நெடுஞ்சாலை, 1913-இல் அறிவிக்கப்பட்டது. கார் காலத்துச் சாலை என்பதால் பார்க்க வேண்டியவையும் அந்தக் காலத்தவையே: பெட்ஃபோர்டில் 1927-இல் கட்டிய 18 அடிக் காபிக் கூஜாக் கட்டடம், 1928-இல் சாரணர்கள் நட்ட, வழிகாட்டும் கான்கிரீட் கம்பங்கள். ஜிபிஎஸ்ஸை நம்பினால் புறவழிச்சாலை ஊரையே தாண்டிக் கொண்டுபோய்விடும். பெட்ஃபோர்டின் பிட் தெருவுக்குள் திரும்புங்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு 30-தான் தோது.