ஏற்காட்டுப் பரிசுக் காப்பியா, செவ்வாய்ப்பேட்டைத் தூளா?

பதினைந்து வருடமாக எங்கள் வீட்டுக் காப்பித்தூள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரே கடையிலிருந்துதான். போய் நின்றாலே போதும். “வழக்கம்போலத்தானே அண்ணா?” என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டே பிளாண்டேஷன் ஏ, பீபெரி என்ற இரண்டு ரகக் கொட்டையும் சரிபாதி, நூற்றுக்கு இருபது சிக்கரி என்று போட்டு அரைத்துக் கொடுத்துவிடுவார். இந்த வருடம் மார்ச்சிலிருந்து அதை விட்டுவிட்டு, ஏற்காட்டில் ஒரு குடும்பம் வைத்திருக்கும் சின்னத் தோட்டத்துக் கொட்டைக்கு மாறிவிட்டேன். ருசிப் போட்டியில் பரிசு வாங்கிய தோட்டம். இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்ததில் தெரிந்ததை எழுதுகிறேன். நான் சாய்ந்திருப்பது தோட்டத்துப் பக்கம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையில் பேச்சே இல்லை, தோட்டத்துக் காப்பி ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கடைத் தூளும் முன்போல மலிவில்லைதான். 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அந்தச் சமயத்தில் கடைக்காரர் விலைப்பலகையை அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தார். மலைக்காப்பி என்ற பெருமை ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமும் இல்லை. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அந்த மலைக் கொட்டை கடை மூட்டையிலும் கலந்திருக்கலாம். எந்தத் தோட்டம், எந்த வருடத்து விளைச்சல் என்று மட்டும் கேட்க முடியாது.

அப்புறம் அந்தப் பரிசு. நூற்றுக்கு எண்பது மதிப்பெண்ணாவது வாங்கினால்தான் ‘ஸ்பெஷாலிட்டி’, அதாவது உயர்தரக் காப்பி என்பார்கள். அதை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. கொரகொரப்பாக அரைத்த தூளில் வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து மேலே கட்டிய ஆடையைக் கரண்டியால் உடைத்து, முகர்ந்து, சத்தமாக உறிஞ்சி, துப்பிவிடுகிறார்கள். நாம் வீட்டில் குடிப்பது அந்தக் காப்பியே இல்லை. பரிசும் தோட்டத்துக்கு அல்ல, அந்த வருடத்தின் ஒரு சில மூட்டைக்கு. அடுத்த வருடம் செடியைப் பூக்கவைக்கும் பூ மழை தள்ளிப்போனால் கணக்கே மாறிவிடும்.

இது புரியாமல்தான் முதல் பையை வாங்கினேன். பழத்தோடு உலர்த்திய, இளவறுவல் கொட்டை. ‘இங்கேயே அரைத்துக் கொடுங்கள்’ என்று வேறு சொல்லிவிட்டேன். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். “ஏன் கண்ணு, நேத்து டிகாஷனா இது?” பாலோடு சேர்ந்து அப்படிப் புளித்தது. பத்தாவது நாள் அந்தப் புளிப்பும் போய், அட்டைப்பெட்டியை ஊறவைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு பணம் கொடுத்ததற்கு அந்த வாரம் கடைத் தூள்தான் ஜெயித்தது.

தோட்டத்துக்கு ஃபோன் செய்தேன். தோட்டத்துக்காரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. “பாலுக்குன்னா பழத்தோலை உரிச்சுக் கழுவின கொட்டை, நடுத்தர வறுவல் வாங்குங்க சார். பரிசு வாங்குனதைப் பால்ல ஊத்திடாதீங்க. எதுவா இருந்தாலும் கொட்டையாவே எடுத்துட்டுப் போங்க.”

என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் அந்தக் கடைசி வார்த்தையில்தான் இருக்கிறது. வறுத்த கொட்டை தன் மணத்தை உள்ளே பூட்டி வைத்திருக்கும். அரைத்த நிமிடத்திலிருந்து காற்று அதைத் தின்ன ஆரம்பித்துவிடும். கடையிலிருந்து வரும்போது வண்டியே மணக்கிறதே, அந்த மணம் பொட்டலத்தை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கருக வறுத்து, சிக்கரியும் சேர்த்த தூளுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. மணம் போனாலும் கசப்பும் நிறமும் கெட்டித்தன்மையும் நிற்கும். மென்மையான தோட்டத்துக் காப்பியில் மணம் போனால் மிச்சம் ஒன்றுமில்லை.

மிக்சியில் அரைத்துப் பார்த்தேன். பாதி மாவு, பாதி ரவை. மாவு ஃபில்டர் ஓட்டையை அடைத்தது, ரவை சாரமே விடவில்லை. அப்போதுதான் பரணில் பாட்டியின் கை மிஷின் ஞாபகம் வந்தது. மேலே கிண்ணம், பக்கத்தில் கைப்பிடி, மேசை விளிம்பில் திருகி மாட்டுகிற இரும்பு மிஷின். உள்ளே துரு. ஒரு பிடி பச்சரிசி போட்டு அரைத்தேன், சாம்பல் நிறத்தில் மாவு விழுந்தது. நான்காவது பிடியில் வெள்ளையாக வந்தது. தண்ணீர் படக் கூடாது, வாரம் ஒரு முறை பிரஷ்ஷால் தட்டினால் போதும். காலையில் இரண்டு பேருக்கு அரைக்க மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடம் சலிப்பாக இருக்கும் என்று தோன்றினால் தோட்டத்துக் காப்பி வேண்டாம், கடைத் தூளே வாங்குங்கள். பரிசை நம்பி ஏமாறாதீர்கள்.

சிக்கரி இல்லாததால் இன்னொரு தொல்லை. சிக்கரி தண்ணீரைப் பிடித்து வைத்துச் சொட்டுச் சொட்டாக விடும். வெறும் காப்பியில் வெந்நீர் கடகடவென்று இறங்கி டிகாஷன் நீர்த்துவிடுகிறது. கொஞ்சம் மைய அரைத்து, மேல் தட்டால் நன்றாக அழுத்தி, ஒரு கரண்டி கூடவே போட வேண்டியிருக்கிறது. ஆக இரண்டரை மடங்கு என்றது நிஜத்தில் மூன்று மடங்கு.

இப்போது காலையில் பாலுக்குக் கழுவின கொட்டை. பரிசு வாங்கிய ரகம் கால் கிலோ மட்டும், மத்தியானம் எனக்கு மட்டும் கடுங்காப்பி. ஆறினபிறகுதான் அதன் ருசியே தெரிகிறது, நன்றாகப் பழுத்த திராட்சை போல ஒரு இனிப்பு. ஆனால் நான் குடித்தது ஒரே விளைச்சல்தான். அடுத்த அறுவடையும் இப்படியே இருக்கும் என்று கையடித்துச் சொல்ல மாட்டேன். பை ஒரு மாதத்துக்கு மேல் எப்படித் தாங்கும் என்பதற்கும் என்னிடம் அனுபவம் இல்லை, அதற்குள் தீர்ந்துவிடுகிறது.

விருந்தாளிக்கு மட்டும் பழைய தூள்தான் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். போன வாரம் நூறு கிராம் வாங்கப் போனேன். கடைக்காரர் என்னையும் தராசையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “என்னண்ணா, வீட்ல எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்களா?” என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.