இரண்டு ஓநாய்ப் பெண்கள்: விமர்சகர்கள் ஒரு பக்கம், திருப்பூர் ஒரு பக்கம்

வயதுக்கு வரும் பெண் ஓநாயாக மாறுகிறாள். இந்த ஒரே கருவை வைத்துக் கனடாவின் ‘ஜிஞ்சர் ஸ்னாப்ஸ்’ (2000) ஒரு திசையிலும், டென்மார்க்கின் ‘வென் அனிமல்ஸ் ட்ரீம்’ (2014) அதற்கு நேரெதிர்த் திசையிலும் போகின்றன. விமர்சகர்களிடம் முதல் படத்துக்குத்தான் செல்வாக்கு அதிகம். திருப்பூரில் நண்பர்கள் சிலர் கூடி இரண்டையும் பார்த்தபோது எங்கள் ஓட்டு அப்படி விழவில்லை.

ஜான் ஃபாசெட் இயக்கி, கேரன் வால்டன் எழுதிய ஜிஞ்சருக்குத் தொடக்கமே தகராறு. அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்தது 1999இல். அந்தச் சூட்டோடு, பதின்வயதினர் ரத்தம் சிந்தும் படத்துக்கு அரசுப் பணமா என்று கனடாவில் சத்தம் கிளம்பியது. நடிகர்களைத் தேர்வு செய்பவர்களே ஒதுங்கிக்கொண்டார்கள். படம் வந்தபின் பேச்சு மாறியது. பருவமடைவதையும் ஓநாயாவதையும் முடிச்சுப் போட்ட துணிச்சல், சுருக்கென்ற வசனம், அக்கா தங்கையாக கேத்தரின் இசபெல், எமிலி பெர்கின்ஸ் நடிப்பு, மூன்றுக்கும் பாராட்டு. முதல் மாதவிலக்கு வந்த இரவே அக்கா ஜிஞ்சரை ஓநாய் கடிக்கிறது. பள்ளி நர்ஸோ எல்லாம் இயல்புதான் என்று சிரித்து அனுப்புகிறார். அம்மா கேக் கொண்டுவருகிறார்! பந்தல் போட்டு, ஃப்ளெக்ஸ் வைத்து, வயதுக்கு வந்த பெண்ணுக்குத் தாய்மாமன் தட்டு வரிசையோடு தெரட்டிச் சீர் செய்யும் ஊரில் அந்தக் கேக்குக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். கடைசியில் வரும் முழு ஓநாய்தான் எனக்கு ரப்பர் பொம்மையாகத் தெரிந்தது.

ஜோனஸ் அலெக்சாந்தர் ஆர்ன்பியின் முதல் படமான டென்மார்க் படம் கான் திரைப்பட விழாவின் ‘விமர்சகர் வாரம்’ என்ற பிரிவில் திரையிடப்பட்டது. சாம்பல் நிறக் கடலோரத்தையும் நாயகி மரீயாக வரும் சோனியா சூலின் இறுகிய முகத்தையும் புகழ்ந்தவர்களே, கதை மெலிசு, நடப்பது முன்பே தெரிந்துவிடுகிறது என்றும் குறைப்பட்டார்கள். போதாக்குறைக்கு ‘லெட் தி ரைட் ஒன் இன்’ என்ற ஸ்வீடன் ரத்தக்காட்டேரிப் படத்தோடு வைத்து நிறுத்தார்கள். அது பொருந்தாத எடை. அந்தப் படம் இரண்டு பிள்ளைகளின் நட்பு; இது ஒரு வீட்டின் ரகசியம். மரீயின் அம்மா மருந்தால் முடக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் கிடக்கிறாள். அதே மருந்தை மகளுக்கும் போட அப்பாவும் டாக்டரும் தயாராகிறார்கள். முன்பே தெரிவதுதானே இங்கே பயமே?

“ஏனுங்க, ஓநாய் எப்பத்தான் வரும்?” என்று ஒருவர் நெளிந்தது உண்மை. ஆனால் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் தோழி, மீன் ஆலையில் மரீயைச் சக தொழிலாளிகள் படுத்தும் பாட்டைப் பார்த்துவிட்டு அசையவே இல்லை. ஜிஞ்சருக்கு நேர்வதை அவள் ஊர் கவனிக்கவே இல்லை. மரீயின் ஊரோ அவளுக்கு முன்பே தெரிந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறது. நம் பக்கத்து ஆட்களுக்கு இரண்டாவது ஊரைத்தான் விளக்கவே வேண்டியதில்லை.

ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத டென்மார்க் படத்தைச் சிலர் மெதுவு என்பதை நான் ஏற்கவில்லை. முடிவுப் பகுதி அவசரம் என்ற புகார் சரிதான். அதுவரை மென்று தின்ற கதையை அங்கே அள்ளி விழுங்குகிறார்கள். கட்டுக்கோப்பில் ஜிஞ்சர்தான் மேல், கல்லூரிப் பிள்ளைகளுக்குப் போடவும் அதுவே தோது. எனக்குத் திரும்பப் பார்க்கத் தோன்றுவது மரீயை. அப்புறம், மாமியார் வீட்டு ஹாலில் போட்டுவிடாதீர்கள், இரண்டையுமே.