சுங்கை சிப்புட் மளிகைக் கடை: பி.கே.யூ. குழந்தைக்கு எதை எடுக்கலாம்?

தோட்டத்துச் சனம் வாரச் சாமான் வாங்கும் சாதாரணக் கடைதான். ஆனாலும் பி.கே.யூ. (பினைல்கீட்டோனூரியா) உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு வேண்டிய மாவு வகைகளில் பெரும்பாலானவை இங்கே இருக்கின்றன. அதற்காகக் கோலாலம்பூருக்கு ஓட வேண்டியதில்லை. கடையிலேயே கட்டிய, பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டல மாவை மட்டும் தொடாதீர்கள்.

பி.கே.யூ. பிறவிக் குறைபாடு. உணவுப் புரதத்தின் ஒரு கூறான பினைல்அலனினை உடைக்கும் கல்லீரல் நொதி சரியாக வேலை செய்யாது. அது ரத்தத்தில் தேங்கினால் வளரும் மூளை கெடும். 1 கிராம் புரதத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் பினைல்அலனின் இருக்கிறது. கடுமையான வகையில் பலருக்கு ஒரு நாள் வரம்பு 250 முதல் 350 மில்லிகிராம்தான். சரியான அளவை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவமனை சொல்லும். 200 கிராம் சோற்றில் சுமார் 5 கிராம் புரதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு தட்டுச் சோற்றிலேயே 250 மில்லிகிராம் போய்விடுகிறது, பருப்புக்கு இடமே இல்லை.

மாவு அடுக்கில் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. மலாயில் ‘தெப்போங் கண்டும்’ என்றால் கோதுமை மாவு, 100 கிராமில் 10 கிராம் அளவுக்குப் புரதம். ‘கஞ்சி கண்டும்’ என்றால் கோதுமை ஸ்டார்ச், அதாவது கோதுமையிலிருந்து பிரித்த மாவுச்சத்து, புரதம் 1 கிராமுக்கும் குறைவு. சீனர்கள் இறால் கொழுக்கட்டைக்கு வாங்கும் தாங் மியென் மாவு இதுவே. (மலாய்க்காரர் சொல்லும் ‘கஞ்சி’ நம்மிடமிருந்து போன சொல்தான்.) இரண்டும் வெள்ளை, பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. பொட்டலத்தில் கட்டிவிட்டால் கடைக்காரருக்கே குழப்பம் வரும். சந்தேகம் இருந்தால் இரண்டு கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து குழாயடியில் கழுவிப் பாருங்கள். கோதுமை மாவு என்றால் ரப்பர்போல இழுபடும் பசை கையில் நிற்கும். ஸ்டார்ச் பால்போலக் கரைந்து ஓடிவிடும். அரிசி மாவுக் கலப்பை இந்தச் சோதனை காட்டாது, அதனால்தான் சீட்டுள்ள பாக்கெட்டையே எடுக்கச் சொல்கிறோம்.

மரவள்ளி மாவு, சவ்வரிசி, சூஹூன் (கண்ணாடி சேமியா) மூன்றிலும் புரதம் மிகக் குறைவு, தாராளமாக எடுக்கலாம். சூஹூனுக்குப் பக்கத்திலேயே மீஹூன் அடுக்கியிருக்கிறார்கள், அவசரத்தில் கை மாறும். மீஹூன் அரிசியால் ஆனது, காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு 6, 7 கிராம் புரதம். வெந்ததும் கண்ணாடிபோலத் தெரிவது சூஹூன், வெள்ளையாகவே நிற்பது மீஹூன்.

சர்க்கரை இல்லாத பானம், சூயிங்கம் எல்லாவற்றிலும் ‘அஸ்பார்டேம்’ என்ற செயற்கை இனிப்பு அல்லது அதைக் குறிக்கும் 951 என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அது உடலில் பினைல்அலனினாக உடையும். இந்தக் குழந்தைக்குச் சாதாரணச் சர்க்கரையே பாதுகாப்பு.

இந்தக் கடையில் கிடைக்காத ஒன்று, பினைல்அலனின் நீக்கிய மருத்துவப் பால்மாவு. அதற்கு மருத்துவமனைதான் வழி, வேறு எதுவும் ஈடாகாது. அதன் மூல வடிவத்தை 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கல், ஜான் ஜெரார்ட், எவ்லின் ஹிக்மன்ஸ் மூவரும் உருவாக்கினார்கள். பால் புரதத்தை அமிலத்தால் உடைத்து, கரியில் வடிகட்டிப் பினைல்அலனினை அகற்றினார்கள். கூடவே போய்விட்ட வேறு புரதக் கூறுகளான டைரோசினையும் டிரிப்டோபனையும் திரும்பச் சேர்த்தார்கள். 1953இல் முடிவு வெளிவந்தது. பிக்கல் பின்னர் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் இருந்துகொண்டு, பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் பரிசோதனை வேண்டும் என்று விடாமல் வாதாடினார். இந்த ஆய்வாளர்களின் உழைப்பு இன்று ஒரு டின்னுக்குள் இருக்கிறது என்பதை நாம் மறக்கக்கூடாது.

புரதத்தை அடியோடு நிறுத்துவதும் ஆபத்து. பினைல்அலனின் வளர்ச்சிக்குக் கொஞ்சம் வேண்டும். காய்ச்சலில் குழந்தை பட்டினி கிடந்தால் உடல் தன் தசையையே உடைக்கும், ரத்த அளவு ஏறிவிடும். சவ்வரிசிக் கஞ்சியும் சர்க்கரையும் அப்போது கைகொடுக்கும். மருத்துவமனைக்கும் உடனே தெரிவியுங்கள்.

வாங்கிய மாவில் முதலில் கொழுக்கட்டை செய்து பாருங்கள். கஞ்சி கண்டும் 100 கிராம், மரவள்ளி மாவு 50 கிராம், கால் தேக்கரண்டி உப்பு, தளதளவென்று கொதிக்கும் நீர் 150 மில்லி. நீரை ஒரே மூச்சில் ஊற்றிக் கிளறி, மூடி 5 நிமிடம் விட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசையுங்கள். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஸ்டார்ச் வேகாமல் மாவு உதிரும். பூரணத்துக்குத் தேங்காய்த் துருவல் 20 கிராமுக்கு மேல் வேண்டாம், அதிலேயே 0.7 கிராம் புரதம் இருக்கிறது. 6 நிமிடம் ஆவியில் வைத்தால் போதும். ஆறினால் இறுகிவிடும், 3 நிமிடம் மறுபடி ஆவி காட்டினால் இளகும்.