மூன்று ஆண்டுச் சந்தாவும் கால் தெரியாத நாட்டியமும்

பழைய தமிழ்ப் படங்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு செயலியின் ஆண்டுச் சந்தாவை இந்த மாதம் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். செய்தி வந்த மறுநாளே காங்கேயத்து நண்பர் ஒருவர் அழைத்து, "ஏனுங்ணா, நீங்க மூணு வருசமா வெச்சிருக்கறீங்களே, அந்த ஆப்ப வாங்கலாமுங்களா? சிங்கப்பூர்ல இருக்கற பேரனுக்குப் பழைய படமெல்லாம் காட்டோணும்னு பையன் சொல்றானுங்க" என்று கேட்டார். சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் சொல்ல வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன். செயலியின் பெயர் வேண்டாம். விளம்பரம் குறுக்கிடாது, தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் திறக்கும், தமிழில் எழுதித் தேடலாம் என்பவை சந்தாதாரர்கள் எல்லாரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நான் ஈரோட்டில் இருக்கிறேன், மகள் மெல்போர்னில். ஞாயிற்றுக்கிழமை அங்கே மாலை ஐந்து மணியாகும்போது இங்கே பகல் உணவுக்கு முந்தைய நேரம். இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் படத்தை ஓடவிட்டு, கைப்பேசியில் பேசிக்கொண்டே பார்ப்பது மூன்று ஆண்டுகளாக எங்கள் வழக்கம். பேத்திக்கு இப்போது பத்து வயது. தமிழ் பேசுவாள், ஆனால் 1950களின் வசனத் தமிழ் அவளுக்குப் பாதிதான் பிடிபடும். மீதியைத் தருவது கீழே ஓடும் ஆங்கில வரிகள்.

அந்த வரிகளை எழுதியவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் ஒரு கடிதம் எழுதுவேன். ஒரு படத்தில் கதாநாயகி 'அத்தான்' என்று அழைத்ததை அவர் மொழிபெயர்க்காமல் அத்தான் என்றே விட்டிருந்தார். பேத்தி உடனே படத்தை நிறுத்தி, "அத்தான்னா யாரு அப்புச்சி?" என்றாள். அத்தை மகன் அத்தான், அவனைக் கட்டிக்கொள்ளும் முறையும் உண்டு, கணவனையும் அப்படி அழைப்பார்கள், நம் பக்கத்தில் மாமா என்றுதான் சொல்லுவோம் என்று விளக்கி முடிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. அன்று படம் முடியவில்லை. ஆனால், தன் தாய்க்கு யார் என்ன உறவு என்று அவள் ஒரு தாளில் வரைந்து எனக்கு அனுப்பினாள். அங்கே வார இறுதித் தமிழ் வகுப்பில் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தும் ஏறாத உறவுமுறை, ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தொடாமல் விட்டதால் ஏறிற்று. கட்டிய பணத்துக்கு இது ஒன்றே போதும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இன்னொரு நன்மையும் எதிர்பாராமல் வந்தது. தமிழ்ப் படம் என்றாலே சென்னையில் எடுத்தது என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, நம் கொங்கு நாட்டின் கணக்கைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கிக் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டியதும், 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டியதும், மருதூர் கோபாலன் மகன் ராமச்சந்திரன், அதாவது எம்.ஜி.ஆர்., முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947இல் கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவிலிருந்து வந்ததும், ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ 1954இல் எடுத்த 'மலைக்கள்ளன்' குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றதும், மறு ஆண்டே அதே கதை அதே நிறுவனத்தால் இந்தியில் திலீப் குமாரை வைத்து எடுக்கப்பட்டதும் அவளுக்கு வெறும் பெயர்கள்தான். ஆனால் போன ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது சேலத்தில் ஏற்காடு சாலையில் வண்டியை நிறுத்தி, மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய படநிறுவனத்தின் நுழைவு வளைவைக் காட்டினேன். முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' 1938இல் இந்த நிறுவனத்தில்தான் உருவாயிற்று, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இங்கிருந்துதான் வெளிவந்தது என்று சொன்னபோது, "நாம பார்த்தோமே, அந்தப் படமா?" என்று வளைவின் தூணைத் தொட்டுப் பார்த்தாள். பார்த்திருந்ததால்தான் தொட்டாள்.

இவ்வளவையும் எழுதிவிட்டு, இனி கோபத்துக்கு வருகிறேன்.

பேத்தி மெல்போர்னில் பரதநாட்டியம் கற்கிறாள். பழைய படங்களில் வரும் நாட்டியங்களை அவள் பார்ப்பது கதைக்காக அல்ல, அடவுக்காக, அதாவது காலும் கையும் சேரும் ஆட்ட அசைவுகளுக்காக. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் நாட்டியம் தொடங்கியது, இரண்டு வரி பாடிய பிறகு அவள் கேட்டாள்: "அப்புச்சி, அவங்களுக்குக் கால் எங்கே?" உற்றுப் பார்த்தேன். நெற்றிச்சுட்டி முதல் முழங்கால் வரை இருக்கிறது. சலங்கைச் சத்தம் கேட்கிறது, சலங்கை இல்லை. மகள் தன் தொலைக்காட்சியின் அமைப்பை எல்லாம் மாற்றிப் பார்த்தாள். நான் என்னுடையதை மாற்றிப் பார்த்தேன். பிறகு அலமாரியிலிருந்த அதே படத்தின் பழைய வட்டைத் தேடி எடுத்து, மடிக்கணினியில் ஓடவிட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோடு விழுந்து, புள்ளி விழுந்து, மங்கிப்போன படம்தான். ஆனால் அதில் பாதம் இருந்தது, தட்டும்போது தரையில் விழும் நிழல்கூட இருந்தது.

காரணம் எளியது. அந்தக் காலப் படங்களின் சட்டகம் (ஃபிரேம்) ஏறத்தாழச் சதுரம்: உயரம் 1 என்றால் அகலம் 1.37. இன்றைய தொலைக்காட்சியோ 16க்கு 9. பழைய படத்தை முழுமையாகக் காட்டினால் இருபுறமும் கறுப்புப் பட்டை நிற்கும். பட்டை வேண்டாம் என்று அகலத்துக்கு நிரப்பினால் உயரத்தில் நூற்றுக்கு 23 பங்கு வெளியே போய்விடும்; பத்தடி உயரத் திரை என்றால் இரண்டேகால் அடிக்கு மேல். முகம் இல்லாமல் படம் காட்ட முடியாது என்பதால் வெட்டுகிறவர்கள் தலையை வைத்துக்கொண்டு கீழே கழிக்கிறார்கள். வேறு சில படங்களில் வெட்டாமல் இழுத்துவிட்டிருக்கிறார்கள். அதில் எல்லாருக்கும் கன்னம் உப்பிக் கிடக்கும். எது மோசம் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

இதற்கு நான் இவ்வளவு கொதிப்பதற்கு ஒரு முன்கதை உண்டு. இளவயதில் ஐந்து ஆண்டுகள், தாராபுரம் பக்கத்தில் ஒரு டூரிங் கொட்டகையில் ஆப்பரேட்டருக்கு உதவியாளாக இருந்தேன். ஒரே புரொஜெக்டர், கார்பன் வெளிச்சம், ரீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓர் இடைவேளை. அறுந்த பிலிமை ஒட்டும்போது அதன் ஓரத்துத் துளைகளின் கணக்கில் ஒன்று தப்பினால், ஒட்டு கடக்கும் நொடியில் படம் இரண்டாகப் பிளந்து, கால் மேலேயும் தலை கீழேயுமாக நிற்கும். குமிழைத் திருகிச் சரிசெய்ய மூன்று நொடி போதும். அந்த மூன்று நொடிக்குள் தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும், ஆப்பரேட்டரின் தாயைப் பற்றியும் இரண்டு சொல் வரும்; ஒருமுறை கேபின் துளை வழியாக ஒரு பிடி மணலே வந்து விழுந்தது. நாற்பது காசு கொடுத்து மணலில் உட்கார்ந்தவன் காலும் தலையும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டுமென்று கேட்டான், உடனே பெற்றான். ஆண்டுச் சந்தா கட்டும் நான் யாரைப் பார்த்து விசில் அடிப்பது?

வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டு பதில்களும் தொலைக்காட்சி அமைப்பைச் சரிபார்க்கச் சொல்லின. மூன்றாவதில் ஒரு மனிதர் பேசினார் என்று தெரிந்தது: பட்டை விழுந்தால் 'திரை பழுது' என்று பலரும் புகார் செய்கிறார்கள், அதனால்தான் நிரப்புகிறோம் என்றார்; தங்களுக்குக் கிடைத்த பிரதியே சில படங்களில் முன்பே வெட்டப்பட்டதாகவும் சொன்னார். இது உண்மையாக இருக்கலாம். படத்தின் உரிமை தயாரிப்பாளரிடமிருந்து கை மாறிக் கை மாறித் தொலைக்காட்சிக்கு ஒருவர், வட்டுக்கு ஒருவர், வெளிநாட்டுக்கு ஒருவர் என்று பிரிந்து போயிருக்கிறது. யாரோ ஒருவர் என்றோ வெட்டியதை இவர்கள் வாங்கியிருக்கலாம். வெளிநாட்டு உரிமையைத் திரைத்தொழிலில் இன்றும் எஃப்.எம்.எஸ். என்றே சொல்லுவார்கள், அதாவது வெளிநாடு, மலேசியா, சிங்கப்பூர். தமிழர் கடல் கடந்து போன கதையே அந்த மூன்று எழுத்தில் இருக்கிறது. அந்த உரிமை வேறொருவரிடம் இருப்பதால்தான் ஈரோட்டில் ஓடும் சில படங்கள் மெல்போர்னில் திறப்பதில்லை. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது வேறு. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் பிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. பின்னால் வந்த அசிட்டேட் பிலிம் நம் ஊர் வெக்கையில் காடி நாற்றமடித்துச் சுருங்கிப் போகும். அதற்கும் தப்பிய சுருள்களை வெள்ளிக்காக உருக்கியவர்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் தொடங்கியது. இத்தனையிலும் பிழைத்து வந்த ஒரு நாட்டியத்தை, அதுவும் ஒளிப்பதிவாளர் பாதம் தெரிய வேண்டும் என்பதற்காகவே தள்ளி நின்று முழு உருவமாக எடுத்ததை, பட்டை தெரிகிறது என்று நான்கு பேர் குறைப்பட்டதற்காக முழங்காலோடு வெட்டுகிறார்கள். வெட்டியதை 'பாரம்பரியத் தொகுப்பு' என்று முகப்பில் போடுகிறார்கள். அயல்நாட்டில் வளரும் பிள்ளைக்கு வேறு பிரதி எங்கே கிடைக்கும்? அவளைப் பொறுத்தவரை அந்தக் கலைஞர் கால் இல்லாமல் ஆடியவர்தான்.

போன மாதம் கடைசி ஞாயிறு, செயலியை மூடிவிட்டு, பழைய வட்டை இங்கே ஓடவிட்டுக் கைப்பேசியைத் தொலைக்காட்சிக்கு நேரே ஒரு சொம்பின் மீது சாய்த்து வைத்தேன். மூன்றாம்தரப் படம், எதிரொலியோடு பாட்டு. மெல்போர்னில் பேத்தி எழுந்து நின்று, பார்த்துப் பார்த்து ஆடினாள். சந்தா கட்டிய செயலியைவிட ஒரு சொம்பு நன்றாக வேலை செய்தால் அதை என்னவென்று எழுதுவது? மொழிபெயர்ப்புக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், விளம்பரமில்லாமைக்கு ஐந்து கொடுப்பேன், மொத்தத்தில் இரண்டுதான் கொடுப்பேன். கூட்டிக் கழித்துச் சரிபார்க்க வேண்டாம்.

நேற்று இரவு காங்கேயத்து நண்பரை அழைத்து, பாதி விலை என்றாலும் வேண்டாம், முழுப் படத்தைக் காட்டினால் முழு விலைக்கே வாங்கலாம் என்று சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. "இல்லீங்ணா, சலுகை முடிஞ்சுரும்னு நேத்தே பணம் கட்டிப்போட்டனுங்க" என்றார்.

ஞாயிறுதோறும் பார்த்த படங்களை நான் ஒரு நோட்டில் 'முழுசு', 'வெட்டு', 'இழுப்பு' என்று மூன்றாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறேன். முழுசாக வந்தவை இரண்டு பக்கத்துக்கு மேல் இல்லை. அந்த இரண்டு பக்கங்களையும் படமெடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.